எரியக் கூடாத பல்ப்

இளையதம்பியின் லொறியில் ஸ்ராட்டர் என்று ஒரு சாமான் இருந்தது. அதைக் கண்டவர்கள் பண்டத்தரிப்பில் பலர் உண்டு. அது வேலை செய்ததைக் கண்டவர்கள் மிகச் சிலர். லொறி ஓடவேண்டுமென்றால் எட்டுப்பேர் வேண்டும்: நாலு பேர் பின்பலகையில், பக்கத்துக்கு இரண்டு பேர். ஒழுங்கையிலிருந்து றோட்டு வரைக்கும் தள்ளி, இளையதம்பி கிளச்சை விட்டதும் லொறி ஒருமுறை குலுங்கும், ஒருமுறை இருமும், பிறகு மனமிரங்கும். எட்டுப்பேரும் கரும்புகையைக் குடித்துவிட்டு வீட்டுக்குப் போவார்கள். ஊரில் இது ஒரு பதவி மாதிரி ஆகிவிட்டது. யாராவது காய்ச்சலில் படுத்தால் அவருடைய இடத்துக்கு வீட்டிலிருந்து வேறு ஆள் அனுப்புவார்கள்.

குற்றம் லொறியுடையது அல்ல. அது இங்கிலாந்தில் பிறந்த லொறி. இருபத்தெட்டு வருசமாக இளையதம்பியோடு வெங்காயமும் புகையிலையும் கல்யாண வீட்டாரும் சுமந்தது. அதன் எஞ்சினோடு ஓடுகிற டைனமோ, எஞ்சின் வேகமாக ஓடினால்தான் பற்றறிக்குக் கரண்ட் கொடுக்கும். தொண்ணூற்றிரண்டாம் ஆண்டில் வலிகாமத்து றோட்டில் வேகமாக ஓடுவதென்றால் லொறிக்கு இறகு முளைக்கவேண்டும். பள்ளத்துக்குப் பள்ளம் ஊர்ந்ததில் பற்றறி எப்போதும் அரை வயிற்றோடு கிடந்தது.

புதுப் பற்றறி வாங்கலாமே என்று கேட்பவர் அந்தக் காலத்தில் குடாநாட்டில் இல்லாதவர். கரண்ட் நின்று இரண்டு வருசம் தாண்டிவிட்டது. சண்டை தொடங்கியபின் கொழும்பிலிருந்து வரக்கூடாதென்று அரசாங்கம் தடுத்த பொருள்களின் பட்டியலில் பற்றறிக்கு நல்ல இடம். ரோச் லைற்றுக்குள் போடுகிற விரல் பருமன் பற்றறியும் அதில் அடக்கம். பட்டியல் எழுதியவருக்குப் பற்றறி மேல் இருந்த மரியாதை, பற்றறியைக் கண்டுபிடித்தவனுக்குக்கூட இருந்திராது.

எட்டுப்பேர் தள்ளுவது சிரிப்பாக இருந்தது, மார்கழி மாதத்து அந்தக் காலை வரைக்கும். இளையதம்பியின் மனைவி மீனாம்பிகையின் தம்பி நமசிவாயத்தைப் புகையிலைத் தோட்டத்தில் புடையன் பாம்பு கடித்தது. இளையதம்பி லொறிக்கு ஓடினார். ஸ்ராட்டரை அழுத்தினார். 'டிக்' என்றது, அவ்வளவுதான். எட்டுப்பேரில் ஐந்துபேர் கூட்டுறவுச் சங்கக் கடை வரிசையில் நின்றார்கள். அவர்களைத் தேடிப் பிடித்துத் தள்ளி லொறியை உயிர்ப்பிக்க முக்கால் மணித்தியாலம். நமசிவாயம் பிழைத்தது முருகன் செயல். காலில் மூன்று விரல்கள் பிழைக்கவில்லை.

மீனாம்பிகை புருசனை ஒரு சொல் சொல்லவில்லை. திட்டியிருந்தால் இளையதம்பிக்குப் பாதிப் பாரம் இறங்கியிருக்கும். அவள் லொறி நின்ற பக்கம் பார்ப்பதையே விட்டுவிட்டாள். முற்றம் கூட்டும்போது லொறியைச் சுற்றி ஒரு பாகம் கூட்டாமல் விட்டாள். இப்போது புரட்டாதி. இன்னும் ஒரு மாதத்தில் மழை, நடுகை, வரப்பெல்லாம் பாம்பு. அதற்குள் லொறி ஒரு அழுத்தில் ஓடவேண்டும். இளையதம்பிக்கு உலகத்தில் வேறு ஆசை எதுவும் இல்லை.

"சில்லாலையிலை ஒருத்தன் வந்திருக்கிறான்," என்றார் பரமலிங்கம். இவர் ஓய்வுபெற்ற போஸ்ற்மாஸ்ரர். கடிதமும் ஒழுங்காக வராத காலமாதலால் ஊரின் எல்லா விசயத்துக்கும் நேரம் உள்ளவர். "நீக்கிலாப்பிள்ளை எண்டு பேர். குருநகர் ஆள். ஷெல்லுக்கை இடம்பெயர்ந்து மனிசி வழிச் சொந்தத்தோடை இருக்கிறான். வயறிங் வேலையிலை புலியாம்."

"நல்லாச் செய்வானோ?"

"கடலுக்குப் போகாத குருநகரான். அதுவே ஒரு அதிசயம் தானே?"

அந்த அதிசயத்தின் கதையை நீக்கிலாப்பிள்ளையே பிறகு சொன்னார், லொறிக்குக் கீழே படுத்துக்கொண்டு, ஒளிக்காமல். தகப்பன் பதினாலு வயதில் வள்ளத்தில் ஏற்றினாராம். கரை மறைய முதல் பெடியன் சத்தி, வயிற்றில் கிடந்ததெல்லாம் கடலுக்குள். மூன்று நாளும் சத்தி. நாலாம் நாள் தகப்பன், "மீனுக்கு இரை போடுறது வலைக்காரன்ரை வேலை இல்லை, நீ கரையிலை நில்லடா" என்று இறக்கி விட்டுவிட்டார். கரையில் ஐஸ் பக்ரறி இருந்தது. அதன் மோட்டர் அறைக்குள் போய் நின்றபோது தரை ஆடவில்லை, ஆனால் உள்ளே ஏதோ ஓடிக்கொண்டிருந்தது. கண்ணுக்குத் தெரியாமல், மணக்காமல், ஒரு கம்பிக்குள்ளால் வந்து கல்லுப்போல் ஐஸ் கட்டுகிற ஏதோ. அன்றைக்குப் பிடித்த வியப்பு முப்பத்துநாலு வருசமாகியும் அந்த மனிதனை விடவில்லை.

வந்த நாளில் இளையதம்பிக்கு ஆளைப் பார்த்து நம்பிக்கை வரவில்லை. மெலிந்த ஆள், முழங்காலில் ஒட்டுப்போட்ட காற்சட்டை, சைக்கிளின் பின்னால் ஒரு பிஸ்கற் தகரம். பொனற்றைத் திறந்ததும் நட்டு முறுக்குகிற சாவியையோ குறட்டையோ எடுக்கவில்லை. வயர்களை ஒவ்வொன்றாக மூக்கருகில் பிடித்து மணந்து பார்த்தார்.

"மல்லிகையோ தம்பி?" என்றார் பரமலிங்கம்.

"எரிஞ்ச றபர் அண்ணை. உது ரெண்டு முறை சூடேறியிருக்கு." நீக்கிலாப்பிள்ளை இளையதம்பியின் கையைப் பார்த்தார். "மோதிரத்தைக் கழட்டுங்கோ."

"ஏன்?"

பதிலுக்கு அவர் தன் இடது கையை நீட்டினார். மோதிர விரலைச் சுற்றி வெள்ளையாக, மினுமினுப்பாக ஒரு தழும்பு. கல்யாணம் முடிந்து ஒன்பதாம் நாளாம். பற்றறியில் சாவி போட்டு முறுக்கும்போது, மோதிரத்தின் ஒரு பக்கம் சாவியிலும் மறுபக்கம் லொறியின் இரும்பிலும் பட்டுவிட்டது. பன்னிரண்டு வோல்ற்றுத்தானே என்று எல்லாரும் நினைக்கிற பன்னிரண்டு வோல்ற்று. மோதிரம் கண்சிமிட்டுவதற்குள் அடுப்புத் தணல் மாதிரிச் சிவந்துவிட்டது. அன்றுமுதல் அந்த மோதிரம் கழுத்தில் மாதாவின் உத்தரியக் கயிற்றோடு தொங்குகிறது.

"வீட்டுக் கரண்ட் அடிச்சால் ஆளைத் தள்ளும், இல்லாட்டி இழுக்கும், அது வந்திருக்கெண்டு சொல்லிப்போடும். பற்றறி ஒண்டும் சொல்லாது அண்ணை. அடிக்காது. நேரை எரிக்கும்."

இளையதம்பியின் மோதிரம் இருபத்தாறு வருசமாகக் கழன்றதில்லை. சவர்க்காரம் தேடினால், அதுவும் வரக்கூடாத பட்டியலில் இருந்தது. கடைசியில் மீனாம்பிகை உடுப்புத் தோய்க்க வைத்திருந்த பனங்களியைக் கொண்டுவந்து புருசனின் விரலில் பூசி இழுத்தாள். மோதிரம் கழன்ற வேகத்தில் அவர் பின்னால் போய் வாழைக்குள் விழுந்தார். மீனாம்பிகை சிரித்துவிட்டாள். பத்து மாதத்துக்குப் பிறகு. சிரித்தது நினைவு வந்ததும் உள்ளே போய்விட்டாள்.

நீக்கிலாப்பிள்ளையின் திட்டம் இதுதான்: டைனமோவைக் கழற்றிவிட்டு ஒல்ரனேற்றர் பூட்டுவது. இரண்டும் ஒரே வேலைதான் செய்கின்றன. ஆனால் ஒல்ரனேற்றர் எஞ்சின் ஊர்ந்தாலும் கரண்ட் கொடுக்கும். மீனாம்பிகையின் சின்னம்மா வீட்டு வளவில், கனடாவுக்குப் போன மகனின் ஜப்பான் வான் ஒன்று எண்ணெய் இல்லாமல் நின்றது. அதில் அப்போது ஒரு கோழி குடும்பம் நடத்திக்கொண்டிருந்தது. கோழியிடம் மன்னிப்புக் கேட்டு ஒல்ரனேற்றரைக் கழற்றி வந்தார்கள்.

அடுத்தது வயர். பழைய வயர் இந்தக் கரண்டைத் தாங்காது, மொத்தமான, தடித்த செப்பு வேண்டும் என்றார் நீக்கிலாப்பிள்ளை. மொத்தமான செப்பு அந்த வளவில் ஒரே இடத்தில்தான் இருந்தது: கிணற்றடி மின்சார மோட்டருக்கு வீட்டிலிருந்து இழுத்த வயர். கரண்ட் நின்ற நாளிலிருந்து மோட்டர் சும்மா இருந்தது. இளையதம்பி மட்டும் மாதத்துக்கு ஒருமுறை அதன் தூசியைத் துடைத்து வைப்பார்.

"உதை வெட்டினால், கரண்ட் வாற அண்டைக்கு என்ன செய்வாய்?" என்றார் பரமலிங்கம்.

இளையதம்பி மோட்டரின் மேல் இருந்த தூசியைக் கையால் வழித்தார். கரண்ட் வருமென்று அவர் ஒருநாளும் வாய்விட்டுச் சொன்னதில்லை. வராதென்றும் சொன்னதில்லை. துடைத்துக்கொண்டிருந்தார், அவ்வளவுதான்.

"வெட்டு தம்பி," என்றார்.

வேலை மூன்று நாள் நடந்தது. ஊருக்கு வேறு சோலி இல்லாததால் ஊரும் கூட நடந்தது. தள்ளுகிற எட்டுப்பேரும் வேலிக்கரையில் குந்தியிருந்து பார்த்தார்கள். அவர்களுடைய பதவிக்கு ஆபத்து வருகிறதல்லவா?

முதலாவதாக நீக்கிலாப்பிள்ளை சிலுவை அடையாளம் போட்டுவிட்டு, பற்றறியிலிருந்து லொறியின் உடம்புக்குப் போகிற பட்டியைக் கழற்றித் துணியில் சுற்றி ஒதுக்கினார். லொறியின் இரும்பு உடம்பே ஒரு பெரிய வயர் மாதிரி. அந்தப் பட்டியைக் கழற்றிவிட்டால் வேறெங்கே சாவி வழுக்கிப் பட்டாலும் பொறி பறக்காது. "கழட்டேக்கை உது முதல். பூட்டேக்கை உது கடைசி," என்றார். ஒரு நாளைக்கு நாலு தரமாவது சொன்னார். வேலிக்கரையில் இருந்தவர்களுக்கே பாடமாகிவிட்டது.

இரண்டாவதாக, பியூஸ் இருக்கவேண்டிய இடத்திலிருந்து ஒரு சாமானைக் குறட்டால் பிடித்து இழுத்து எல்லாருக்கும் காட்டினார். கூரைக்கு அடிக்கிற ஆணி.

"இந்த ஆணி இஞ்சை என்ன செய்யுது அண்ணை?"

"அது எண்பத்து மூண்டிலை இருந்து கிடக்குது," என்றார் இளையதம்பி, கொஞ்சம் பெருமையாக. "பியூஸ் அடிக்கடி எரிஞ்சுது. ஆணி போட்ட பிறகு ஒருநாளும் எரியேல்லை."

நீக்கிலாப்பிள்ளை ஆணியை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். கோபிக்கவில்லை. "எரியத்தான் அண்ணை பியூஸ். வயர் எங்கையாவது தேய்ஞ்சு இரும்பிலை முட்டினால், முதல் சாகவேண்டியது உவன். உவன் சாகாட்டி வயர் எரியும், பிறகு லொறி எரியும், பிறகு லொறிக்குள்ளை இருக்கிற ஆள். ஒன்பது வருசமா நீங்கள் ஒரு ஆணியிலை உயிரைக் கொழுவிக்கொண்டு ஓடியிருக்கிறியள்."

அந்த லொறியில் கல்யாணத்துக்குப் போய்வந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

வீட்டுச் சுவரில் செத்துக்கிடந்த பியூஸ் பெட்டியின் பீங்கான் கட்டை ஒன்று லொறிக்கு வந்தது. அதைப் பற்றறிக்கு ஒரு சாண் தூரத்துக்குள் பூட்டி, கணக்காக ஒரு மெல்லிய கம்பி கோத்தார். மோட்டர் வயரின் செப்புக் கம்பிகளை மூன்று மூன்றாகச் சேர்த்து ஒன்றாக்கினார். அந்த மொத்த வயர் இரும்புத் தகட்டின் துளைக்குள்ளால் போகிற இடமெல்லாம் சைக்கிள் ரியூப்பை வெட்டி வளையம் போட்டார். எஞ்சினுக்கும் செசி என்கிற அடிச்சட்டத்துக்கும் நடுவே புதுப் பட்டி போடுவதற்காக அரை நாள் நிறப்பூச்சையும் துருவையும் சுரண்டி, இரும்பு கண்ணாடி மாதிரி மினுங்கும்வரை விடவில்லை. டாஷ்போட்டில் இருந்த, கரண்ட் போகிற வருகிற அளவைக் காட்டும் பழைய மீற்றரையும் கழற்றி ஒதுக்கினார்.

"அதேன்? வடிவாத்தானே இருக்கு," என்றார் பரமலிங்கம்.

"அது டைனமோ தாற கரண்டுக்குச் செய்தது. ஒல்ரனேற்றர் தாறதை அதுக்குள்ளாலை விட்டால் அண்ணையின்ரை முழங்காலுக்கு முன்னாலை நெருப்பெரியும்."

கடைசியாகத்தான் பற்றறி. வெள்ளைக்காரன் இந்த லொறியைச் செய்தபோது பற்றறியின் பிளஸ் முனையை உடம்போடு கட்டினான். ஜப்பான்காரனின் ஒல்ரனேற்றருக்கு மைனஸ்தான் உடம்போடு இருக்கவேண்டும்.

"ஆர் சரி?" என்றார் பரமலிங்கம்.

"ரெண்டு பேரும் சரிதான். ரெண்டு பேரையும் ஒரு லொறிக்குள்ளை விட்டால்தான் பிழை. மாறிப் பூட்டினால் ஒல்ரனேற்றர் அந்த இடத்திலையே முடிஞ்சுது. இன்னொண்டு கோழி வளர்க்கிற வானிலை தேடிப் பிடிக்கேலாது."

ஆகவே பற்றறியை அதன் தட்டில் அப்படியே முன்பின்னாகத் திருப்பி வைத்தார். உடம்புப் பட்டிக்குக் கிட்ட இப்போது மைனஸ் வந்தது. பற்றறி முனையைப் பிடிக்கிற கவ்விகள் கடையில் இல்லாததால் இரண்டையும் செப்புத் தகட்டில் தானே ஒரே மாதிரி வளைத்துச் செய்தார். உடம்புப் பட்டியை மட்டும் பூட்டாமல் துணியில் சுற்றிவிட்டு, பின்னேரம் சைக்கிளில் ஏறினார்.

"நாளைக்குக் காலமை வந்து நான்தான் கடைசிப் பூட்டுப் பூட்டுவன். ஒருதரும் உந்தப் பட்டியிலை கைவைக்கக் கூடாது, கண்டியளே?"

இளையதம்பி சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். பட்டியில் கைவைக்கவில்லை.

ஆனால் அன்று மகாநவமி. வீட்டில் ஆயுத பூசை. மண்வெட்டி, கத்தி, தையல் மெசின், பிள்ளைகளின் கொப்பி எல்லாம் சுவாமி அறையில் வரிசையாக ஏறின. வருசா வருசம் லொறிக்கு வெளியே நின்றபடியே ஒரு பூமாலைதான். இந்த வருசம் அது போதுமென்று இளையதம்பிக்குத் தோன்றவில்லை. லொறியைச் சுவாமி அறைக்குள் கொண்டுபோக முடியாது. லொறியின் உயிரைக் கொண்டுபோகலாம் அல்லவா? பற்றறியைத் தூக்கி வந்து, ஈரத்துணியால் துடைத்து, திருநீறு சாத்தி, இரண்டு முனைக்கும் வஞ்சகமில்லாமல் அள்ளிச் சந்தனம் அப்பி, குங்குமம் வைத்து, சரஸ்வதிக்கு முன்னால் இறக்கினார். "இந்த மழைக்கு ஒருதரையும் கைவிடாதை அம்மா," என்று கும்பிட்டார். மீனாம்பிகை பின்னால் நின்று தானும் கும்பிட்டதை அவர் காணவில்லை.

விஜயதசமிக் காலையில் பற்றறியை எடுத்துப்போய் அதன் தட்டில் வைத்தார். இருபத்தெட்டு வருசமாக எந்தப் பக்கம் பார்த்து வைத்தாரோ அந்தப் பக்கம் பார்த்து. கை யோசிக்கவில்லை. கைக்குத் தெரிந்ததை அது செய்தது. அந்த மொத்தமான வயரையும் கிட்ட இருந்த முனையில் கொழுவினார். கவ்வி சந்தனத்தோடு வழுக்கிக்கொண்டு அழகாக இறங்கியது. உடம்புப் பட்டியைத் துணியோடு அப்படியே விட்டார்.

எட்டரைக்கு நீக்கிலாப்பிள்ளை வந்தபோது முற்றத்தில் திருவிழாக் கூட்டம். எட்டுப்பேரும் தோய்ந்து, திருநீறு பூசி நின்றார்கள். பரமலிங்கத்துக்குக் கதிரை போட்டிருந்தது.

"பூட்டிப்போட்டு அழுத்து தம்பி, பாப்பம்," என்றார் பரமலிங்கம்.

"நில்லுங்கோ." நீக்கிலாப்பிள்ளை பிஸ்கற் தகரத்திலிருந்து ஒரு சாமானை எடுத்தார். லொறியின் பின்லைற்றுக்குப் போடுகிற சின்னப் பல்ப்; அதிலிருந்து இரண்டு வயர். ஒரு நுனியை உடம்புப் பட்டியில் கட்டினார். சிலுவை அடையாளம் போட்டார். மறு நுனியைப் பட்டி பூட்டவேண்டிய பற்றறி முனையில் தொட்டார்.

பல்ப் எரிந்தது.

இரண்டு வருசமும் நாலு மாதமும். ஜாம் போத்தலுக்குள் பஞ்சை வைத்து, நாலு துளி மண்ணெண்ணெய் விட்டுக் கொளுத்திய விளக்கில் முகம் பார்த்துப் பழகிய சனம். இங்கே திரி இல்லை, புகை இல்லை, காற்றுக்கு ஆடவில்லை. பகல் வெளிச்சத்திலும் அசையாமல், முழுசாக, ஒரு கண் மாதிரித் திறந்திருந்தது. கரண்ட் நின்ற பிறகு பேசப் பழகிய ஒரு குழந்தை தாயின் இடுப்பிலிருந்து கையை நீட்டி, "பழம்" என்றது.

பிறகு எட்டுப்பேரும் ஒன்றாகக் கத்தினார்கள். கைதட்டினார்கள். ஒருவர் தேங்காயைத் தூக்கிக்கொண்டு உடைக்க ஓடினார். பரமலிங்கம் கதிரையை விட்டு எழுந்து நின்றார். இளையதம்பிக்குக் கண் நிறைந்துவிட்டது.

"கத்தாதேங்கோ!" நீக்கிலாப்பிள்ளை வயரை இழுத்தெடுத்தார். முகம் சாம்பலாக இருந்தது. "மாதாவே! உது எரியக் கூடாது!"

தேங்காயோடு ஓடியவர் பாதியில் நின்றார்.

"எரியாத பல்பை ரெண்டு வருசமாப் பாத்துக்கொண்டிருக்கிறம்," என்றார் பரமலிங்கம், உண்மையாகவே கோபம் வந்து. "ஒண்டு எரிஞ்சால் அதையும் எரியக் கூடாதெண்டு சொல்ல உன்னைச் சில்லாலையிலை இருந்து கூப்பிட்டதோ?"

"அண்ணை, லொறியிலை ஒரு சுவிச்சும் போடேல்லை. ஒண்டும் ஓடேல்லை. அப்ப இதுக்குள்ளாலை கரண்ட் போக வழியே இருக்கக் கூடாது. போகுதெண்டால் எங்கையோ பிழை." அவர் பற்றறியைக் குனிந்து பார்த்தார். விரலால் சந்தனத்தை வழித்தார். உடம்புப் பட்டி தொங்கிய பக்கத்து முனையில், சந்தனத்துக்கு அடியில், ஒரு சின்னச் சிலுவை மாதிரி பிளஸ் அடையாளம் தெரிந்தது.

"ஆர் பற்றறியைக் கழட்டினது?"

இளையதம்பி முன்னால் வந்தார். "பூசைக்கு… அறைக்குள்ளை… நான் பட்டியைத் தொடேல்லைத் தம்பி. சத்தியமா."

நீக்கிலாப்பிள்ளை அந்தச் சின்னப் பல்பைத் தூக்கிப் பிடித்தார். "நான் நேரை பட்டியைப் பூட்டியிருந்தால், பற்றறியிலை உள்ள முழுக் கரண்டும் பிழையான வழியாலை ஒல்ரனேற்றருக்குள்ளை பாய்ஞ்சிருக்கும். ஒரு நொடி. பிறகு அது வெறும் இரும்பு. உவர் இடையிலை நிண்டதாலை, உவர் விட்ட அளவுதான் போனது. ஒரு பின்லைற் எரியிற அளவு. அதைத் தாங்கும்."

"அப்ப… பிழைச்சுதோ?"

"பிழைச்சுது." அவர் நெற்றியைத் துடைத்தார். "பிழை என்னிலையும் இருக்கண்ணை. ரெண்டு கவ்வியையும் ஒரே அளவாச் செய்தன். மாறிப் போட்டால் இறங்காத மாதிரிச் செய்திருக்க வேணும்."

அவர் பற்றறியைத் திருப்பினார். உடம்புப் பட்டியின் கவ்வியைக் கழற்றி, கல்லில் வைத்துத் தட்டிச் சிறிதாக்கி, பிளஸ் முனையைவிட மெலிந்த மைனஸ் முனையைத் தவிர வேறெதிலும் இறங்காதபடி செய்தார். அதற்கு அரை மணித்தியாலம் எடுத்தது. ஒருவரும் வீட்டுக்குப் போகவில்லை. பிறகு மறுபடி பல்பை எடுத்து, பட்டிக்கும் முனைக்கும் நடுவே தொட்டார்.

எரியவில்லை.

ஊர் முழுக்க ஒரு எரியாத பல்பை இமைக்காமல் பார்த்தது. இளையதம்பிக்கு உடம்பு புல்லரித்தது. சற்று முன் எரிந்தபோது வந்த புல்லரிப்பு இதற்கு முன்னால் ஒன்றுமில்லை. ஒரு கண்ணாடிக் குமிழ் பேசாமல் இருந்து இவ்வளவு சொல்லுமென்று அவர் இருபத்தெட்டு வருசத்தில் அறிந்திருக்கவில்லை.

"இப்பதான் சரி," என்றார் நீக்கிலாப்பிள்ளை. பட்டியைப் பூட்டினார். "ஏறுங்கோ அண்ணை."

இளையதம்பி ஏறினார். எட்டுப்பேரும், யாரும் கேளாமலே, பின்னால் போய்ப் பலகையில் கைவைத்துக்கொண்டு நின்றார்கள். அவர் ஸ்ராட்டரை அழுத்தினார். ஒருமுறை உறுமி, லொறி ஓடத் தொடங்கியது. பின்னால் நின்றவர்கள் தள்ளுவதற்கு இழுத்துப் பிடித்த மூச்சை என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார்கள். நீக்கிலாப்பிள்ளை தன் ஒரே மீற்றரைப் பற்றறியில் வைத்தார். எஞ்சின் மெதுவாக, நடக்கிற வேகத்தில்தான் ஓடியது. ஊசி பதினாலு வோல்ற்றில் நின்றது.

"மாட்டு வண்டி வேகத்திலை ஓடினாலும் இனிப் பற்றறி நிறையும்," என்றார். "ஒண்டு மட்டும் கேளுங்கோ. எஞ்சின் ஓடேக்கை பற்றறியைக் கழட்டி அடுத்த லொறிக்குக் கடன் குடுக்கிற உங்கடை தருமத்தை இண்டையோடை விடவேணும். கழட்டினால் ஒல்ரனேற்றர் போச்சு."

மீனாம்பிகை அவருக்கு மோதகமும் தேத்தண்ணியும் கொண்டுவந்து கொடுத்தாள். லொறியை நிமிர்ந்து பார்த்தாள். அன்று பின்னேரமும் முற்றத்தில் அந்த ஒரு பாகம் கூட்டாமலே கிடந்தது. லொறி பூசைக்கு ஓடியது. பாம்புக்கு ஓடுமா என்பதல்லவா கேள்வி?

கார்த்திகை நடுவில், மழை விடாமல் பெய்த ஒரு காலை, அடுத்த ஒழுங்கைத் தம்பிராசாவின் மகள் தலையில் உரப்பையோடு ஓடிவந்தாள். "மாமா, ஐயாவைக் கடிச்சுப்போட்டுது! புடையன்!"

இளையதம்பி லொறிக்கு ஓடினார். முந்தின நாளும் அதற்கு முந்தின நாளும் லொறி அசையவில்லை. குளிரில் நனைந்து நின்றது. தம்பிராசாவைக் கதிரையோடு தூக்கி வந்து ஏற்றினார்கள். அவருடைய கால் வீங்கத் தொடங்கியிருந்தது. யாரோ ஒருவர் தள்ள ஆள் கூப்பிட ஓடினார். இளையதம்பி கண்ணை மூடிக்கொண்டு அழுத்தினார்.

ஓடியது.

அவர் கண் திறந்தபோது பக்கத்துச் சீற்றில் மீனாம்பிகை இருந்தாள். எப்போது ஏறினாளென்று தெரியவில்லை. "போங்கோ," என்றாள்.

வைப்பர் ஓடியது. அந்த வைப்பர் கடைசியாக எப்போது அசைந்ததென்று லொறிக்கே நினைவிராது. கண்ணாடியில் மழையை அள்ளி அள்ளி ஒதுக்கிக்கொண்டு, பள்ளத்துக்குப் பள்ளம் ஊர்ந்து, லொறி ஒருதரமும் நிற்காமல் யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரி வாசலுக்குப் போய்ச் சேர்ந்தது.

தம்பிராசாவை உள்ளே கொண்டுபோனார்கள். இளையதம்பி ஸ்ரியறிங்கைப் பிடித்தபடி இருந்தார். வெளியூரில் எஞ்சினை நிறுத்துவதில்லை என்பது அவருடைய பழைய சட்டம். ஆஸ்பத்திரியானாலும் கோயிலானாலும் லொறி உறுமிக்கொண்டே நிற்கும். நிறுத்தினால் திரும்ப எடுக்க ஒரு இறக்கம் வேண்டும், யாழ்ப்பாணத்தில் இறக்கத்துக்கு எங்கே போவது? அவர் எஞ்சினை நிறுத்தினார். மழைச் சத்தம் மட்டும் கேட்டது.

"ஏன் நிப்பாட்டினியள்?" மீனாம்பிகை பயந்துபோய்க் கேட்டாள்.

"எண்ணெய் வீண்," என்றார் இளையதம்பி.

மத்தியானம் தாதி வெளியே வந்து, நேரத்துக்குக் கொண்டு வந்துவிட்டீர்கள், ஆளுக்கும் காலுக்கும் மோசமில்லை என்றாள். மீனாம்பிகை சீலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தாள். மழையா கண்ணீரா என்று இளையதம்பி கேட்கவில்லை. திரும்ப அழுத்தினார், ஓடியது.

அடுத்த ஞாயிறு, தேவாலயத்தில் பூசை முடிகிற நேரம் பார்த்துச் சில்லாலைக்குச் சைக்கிளில் போனார். மடி நிறைய வாழைப்பழம். கோயில் வாசலில் நீக்கிலாப்பிள்ளையையும் மனைவி யோசப்பினையும் பிடித்து, தம்பிராசாவின் மகள் ஓடிவந்ததிலிருந்து தாதி சொன்னதுவரை கைகாலை ஆட்டிச் சொன்னார். யோசப்பின் மூன்று தரம் சிலுவை அடையாளம் போட்டாள். நீக்கிலாப்பிள்ளை கேட்டுக்கொண்டிருந்தார்.

"மொத்த வயரைத் தொட்டுப் பாத்தனியளோ?" என்றார் கடைசியில்.

"எது?"

"அவ்வளவு தூரம், மழைக்கை, வைப்பரோடை ஓடியிருக்குது. ஒல்ரனேற்றரிலை இருந்து வாற வயர் சுட்டதோ, குளிரோ? சுட்டால் எங்கையோ பிழை."

"நான்… அந்த அவசரத்திலை… சுட்டிராது தம்பி. ஓடினதுதானே?"

நீக்கிலாப்பிள்ளை வாழைப்பழத்தை மனைவியிடம் கொடுத்தார். வேட்டியை மடித்துக் கட்டினார், ஞாயிற்றுக்கிழமை வேட்டி.

"இஞ்சாருங்கோ, சாப்பாட்டு நேரம்," என்றாள் யோசப்பின்.

"வாறன், நீ போ." அவர் சைக்கிளைத் திருப்பினார். "வாங்கோ அண்ணை. உதெல்லாம் ஆள் சொல்லி நம்பிற காரியம் இல்லை. மழை வர முதல் கெதியாப் போனால் எஞ்சினைக் கொஞ்சநேரம் ஓடவிட்டுத் தொட்டுப் பாக்கலாம்."

பண்டத்தரிப்பு றோட்டில், சேற்றுக்குள்ளால், இரண்டு சைக்கிள்கள் போயின. முன்னால் போனவர் ஒருதரமும் திரும்பிப் பார்க்கவில்லை.